மஞ்சள் விளக்கு எரிந்தால் ஷாக் போய்விட்டதா?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐரோப்பிய அட்வென்ச்சர் பைக் வைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் செமி ஆக்டிவ் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன். நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாரண்டி முடிந்துவிட்டது. போன மாதம் மழையில் வால்பாறை போய் வந்தேன். மறுநாள் வாட்டர் சர்வீஸ் விட்டேன். அதற்கடுத்த வாரம் டிஸ்ப்ளேயில் சஸ்பென்ஷன் எச்சரிக்கை மஞ்சளாக வந்தது. சாவியை அணைத்துப் போட்டால் போய்விடும். வேகத்தடையிலோ பள்ளத்திலோ ஏறி இறங்கினால் மறுபடி வரும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு, "பின் டேம்பர் வால்வு" என்று கோளாறு கோட் வருகிறது, பின் ஷாக்கை முழுசாக மாற்ற வேண்டும், ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகும் என்றார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் போன் ஆப் வைத்து கோடை அழித்தார். மூன்று நாளில் திரும்ப வந்துவிட்டது. இன்னொரு விஷயம்: மனைவியோடு போகும்போது பின்பக்கம் மிதப்பது போல ஆடுகிறது. இது விளக்கு வருவதற்கு முன்பே இருந்தது. ஷாக்கை மாற்றிவிடலாமா? இல்லை, எலக்ட்ரானிக்ஸே வேண்டாம் என்று சாதாரண ஷாக் போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ஷாக் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வண்டியில் தனித்தனியாக இரண்டு கோளாறு இருக்கிறது. மழைக்கும் வாட்டர் சர்வீஸுக்கும் பிறகு வந்த மஞ்சள் விளக்கு ஒன்று. அதற்கு முன்பிருந்தே பின்பக்கம் மிதப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே பில்லில் தீர்க்கப் பார்க்கிறார்கள். முதலாவதற்குப் பெரும்பாலும் சில நூறு ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும் என்பது என் ஊகம். இரண்டாவதற்குச் செலவு வரலாம். ஆனால் அதை எந்த ஸ்கேனரும் சொல்லாது.

ஏன் சொல்லாது என்று புரிய, இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது பழைய சமாச்சாரம்தான். வண்டியின் எடையை ஸ்பிரிங் தாங்குகிறது. ஸ்பிரிங்கின் துள்ளலை ஷாக்குக்குள் இருக்கும் ஆயில் அடக்குகிறது. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள்: மெதுவாக அழுத்தினால் சுலபமாகப் போகும், வேகமாக அழுத்தினால் முரண்டு பிடிக்கும். டேம்பிங் என்பது அவ்வளவுதான். ஆயில் போகும் துவாரத்தின் அளவை யார், எப்போது மாற்றுகிறார்கள் என்பதில்தான் எலக்ட்ரானிக்ஸ் நுழைகிறது. 2004-ல் பிஎம்டபிள்யூ தன் கே 1200 எஸ் வண்டியோடு கொண்டுவந்த இஎஸ்ஏ அமைப்பில், நாம் ஸ்க்ரூடிரைவரால் திருகுவதைச் சின்ன மோட்டார் திருகியது. நீங்கள் பட்டனை அழுத்தினால் ஒரு நிலைக்குப் போய் அங்கேயே நிற்கும். 2012-ல் அதே கம்பெனியின் எச்பி4, 2013 மாடலில் டுகாட்டி மல்டிஸ்ட்ராடா என்று வந்த வண்டிகளில்தான் மின்காந்த வால்வு வந்தது. சென்சார்கள் சக்கரத்தின் அசைவைப் படிக்க, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மில்லி விநாடிகளில் வால்வை இறுக்கித் தளர்த்துகிறது. உங்கள் வண்டியில் இருப்பது இந்த இரண்டாவது வகை.

'செமி' என்று சொல்வதற்குக் காரணம், இது வண்டியைத் தூக்கிப் பிடிக்காது என்பதுதான். அசைவைத் தடுக்க மட்டுமே இதற்குத் தெரியும். எடை ஏறி பின்பக்கம் தாழ்ந்தால் அதை நிமிர்த்துவது ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தம். அதற்குத் தனி மோட்டார் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக சங்கிலி இதுதான்: சென்சார், வயர், கம்ப்யூட்டர், வயர், வால்வு, ஆயில். இதில் ஆயில் வரைக்கும் கம்ப்யூட்டரின் பார்வை எட்டாது. அதற்குத் தெரிவது வோல்டேஜும் கரண்டும்தான். வால்வுக்கு இவ்வளவு கரண்ட் அனுப்பினேன், போய்ச் சேர்ந்ததா? சென்சார் காட்டும் எண் நம்பக்கூடியதா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சரியாக இல்லாவிட்டால் மஞ்சள் விளக்கைப் போடும். ஷாக்கில் சீல் கிழிந்து ஆயில் முழுக்க ஒழுகிப்போனாலும், வால்வுக்குக் கரண்ட் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் பெரும்பாலான வண்டிகள் ஒரு வார்த்தை சொல்லாது.

இப்போது உங்கள் கோடுக்கு வருவோம். "பின் டேம்பர் வால்வு" என்று ஸ்கேனரில் வந்தால் வால்வு கெட்டுவிட்டது என்று படிக்கக் கூடாது. கம்ப்யூட்டரிலிருந்து வால்வு வரை போய்த் திரும்பும் மொத்தச் சுற்றில் எங்கோ கோளாறு என்று படிக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வால்வின் காயில் (உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச்சுருள்) 6 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்க முடியும். கனெக்டருக்குள் இருக்கும் உலோக ஊசியில், அதாவது பின்னில், பச்சை பூத்து 4 ஓம் கூடிவிட்டது என்றால், 1.2 ஆம்பியருக்கு மேல் போகாது. கம்ப்யூட்டர் 1.5 ஆம்பியர் கேட்கும்போது கிடைக்கவில்லை. உடனே வால்வு என்று கோட் எழுதிவிடுகிறது. காயில் கடையில் இருந்து வந்தது போல நன்றாக இருக்கும். (எண்கள் கணக்குக்காகத்தான், உங்கள் மாடலின் உண்மையான ஓம் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.) கோடைப் பார்த்ததும் அந்தப் பெயரில் இருக்கும் பாகத்தை ஆர்டர் போடுவது இன்று பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. அதற்குப் பெயர் பழுது கண்டுபிடிப்பது இல்லை, பாகம் விற்பது.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது: பள்ளத்தில் இறங்கும்போது விளக்கு வருகிறது, சாவியைப் போட்டால் போய்விடுகிறது. காயில் உள்ளே அறுந்திருந்தால் விளக்கு நிரந்தரமாக எரியும். சில சமயம் சூடானால் மட்டும் அறுந்து, ஆறியதும் ஒட்டிக்கொள்ளும் காயிலும் உண்டு. ஆனால் அது அரைமணி நேரம் ஓட்டிய பிறகு வரும், வேகத்தடைக்காகக் காத்திருக்காது. குலுங்கினால் வருகிறது என்றால் எதுவோ அசைகிறது: தளர்ந்த கனெக்டர், உறைக்குள் ஒடிந்த வயர், அல்லது பின்பக்கத்தின் உயரத்தைப் படிக்கும் ரைடு ஹைட் சென்சாரின் கம்பி. இதில் எது என்று தேடுவதுதான் வேலை.

பதிந்து வைக்காமல் கோடை இனிமேல் யாரும் அழிக்க விடாதீர்கள். அழித்தால் கோளாறு போகாது, தடயம்தான் போகும். கோடோடு சேர்த்து அது எழுதப்பட்ட நேரத்தில் பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எத்தனை தடவை வந்தது என்றெல்லாம் பல வண்டிகள் பதிந்து வைத்திருக்கும். ஸ்கேனர் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் அழியுங்கள். வார்த்தையில் சொன்னால் போதாது, கோட் எண் வேண்டும். "ஓபன் சர்க்யூட்", "எர்த்துக்கு ஷார்ட்", "பேட்டரிக்கு ஷார்ட்", "சிக்னல் நம்பத்தகுந்ததாக இல்லை" ஆகிய நான்கும் நான்கு வேறு திசைகள். கோடின் அந்த வால் பகுதியைச் சொல்லாமல் 'வால்வு' என்று மட்டும் சொன்னதில்தான் உங்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் இருக்கிறது.

எதைத் தொடுவதற்கு முன்பும் பேட்டரியைப் பாருங்கள். பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்து, ஒரு நாள் எடுத்து மலை ஏறுகிறவர்கள். ஒரு இரவு ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால் சந்தேகப்படுங்கள். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி. பேட்டரி பலவீனமாக இருந்தால் ஏபிஎஸ், டிராக்‌ஷன், சஸ்பென்ஷன் என்று சம்பந்தமில்லாத கோடுகள் கும்பலாக விழும். ப்ரீலோட் மோட்டார் நகரவே மறுக்கும். ஸ்கேனரில் ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் கோட் இருந்தால் முதலில் பேட்டரி டெர்மினலையும் எர்த் வயரையும் இறுக்குங்கள். உங்களுக்கு ஒரே கோட்தான் வந்திருக்கிறது போலத் தெரிகிறது, அதனால் என் சந்தேகம் பேட்டரி மேல் அதிகம் இல்லை. ஆனாலும் ஐந்து நிமிட வேலை, பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வாட்டர் சர்வீஸ். என் முதல் சந்தேகம் இங்கேதான். மழையை இந்த கனெக்டர்கள் தாங்கும். அதற்காகத்தான் ரப்பர் சீலோடு செய்கிறார்கள். ஒரு சாண் தூரத்தில் பிரஷர் கன்னை வைத்து அடிப்பதைத் தாங்காது. தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அதே சீல் அதை வெளியே விடாது. சில நாள் கழித்துப் பின்னில் பச்சை பூக்கும். உங்களுக்கு மறுநாளே வராமல் அடுத்த வாரம் வந்ததும் இதனால்தான் இருக்கும். கடைசியில் பளபளப்புக்காக டீசல் அடிக்கிற பழக்கம் வேறு சில வாட்டர் சர்வீஸ்களில் இருக்கிறது. டீசல் பட்டால் கனெக்டருக்குள் இருக்கும் சிலிக்கான் சீல் ஊதி உருக்குலைந்துவிடும். அடுத்த மழைக்கு அது சும்மா பேருக்குத்தான் இருக்கும். உங்கள் வண்டிக்கு டீசல் அடித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. சாவியை அணைத்து, டிஸ்ப்ளே அணைந்தபின் ஐந்து நிமிடம் விடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பின் ஷாக்கிலிருந்து மேலே போகும் வயரைக் கையால் தொடர்ந்து போங்கள், சீட்டுக்கடியிலோ ஃபிரேமின் பக்கத்திலோ ஒரு கனெக்டரில் முடியும். பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். ஈரம், பச்சை, கறுப்பு, உள்ளே தள்ளிப்போன பின் ஊசி, இதில் ஏதாவது இருந்தால் பாதி வேலை முடிந்தது. எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் என்றே கேட்டு வாங்கி அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். துரு கழற்றும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அது படிந்து அழுக்கைப் பிடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பின்னின் மேல் இருக்கும் முலாம் போய்விட்டால் இன்னும் சீக்கிரம் பூக்கும். காய்ந்தபின் சீலில் மட்டும் மெல்லிசாக டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, 'க்ளிக்' என்று பூட்டு விழும் வரை அழுத்துங்கள். பழைய வண்டிகளில் அந்தப் பூட்டு உடைந்து கேபிள் டையில் நிற்பது அடிக்கடி கண்ணில் படும். செகண்ட் ஹேண்ட் என்கிறீர்கள், அதையும் பாருங்கள்.

கனெக்டர் சுத்தமாக இருந்தால் அடுத்தது ரைடு ஹைட் சென்சார். கோட் வால்வைச் சொன்னாலும் இதையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சில வண்டிகளில் சென்சார் உளறினால் கம்ப்யூட்டர் வால்வை நிறுத்திவிட்டு இரண்டுக்கும் சேர்த்துக் கோட் எழுதும், ஸ்கேன் செய்தவர் ஒன்றை மட்டும் படிப்பார். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலிருந்து ஃபிரேமுக்கு விரல் நீளத்தில் ஒரு கம்பி போகும், இரண்டு முனையிலும் குட்டி பால் ஜாயின்ட். கல் பட்டு வளைந்திருக்கலாம், ஒரு முனை கழன்று தொங்கலாம், சேறு இறுகியிருக்கலாம். பின் சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் போட்டவர் கம்பியை மாட்ட மறந்த கதையும் உண்டு. எல்லா வண்டியிலும் இந்தக் கம்பி இருக்காது. ஷோவாவின் சில அமைப்புகளில் அசைவைப் படிக்கும் சென்சார் ஃபோர்க்குக்கும் ஷாக்குக்கும் உள்ளேயே இருக்கிறது. அப்படியானால் கண்ணால் பார்க்க ஒன்றும் இல்லை, ஸ்கேனரின் லைவ் டேட்டாதான் (சென்சார் அந்த நொடியில் காட்டும் எண்) வழி.

பேட்டரியை மறுபடி மாட்டிச் சாவியைப் போட்டால் லைவ் டேட்டா பார்ப்பது சுலபம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டால் சக்கரம் தொங்கும், அப்போது ஒரு எண். இறக்கி, ஒருவர் சீட்டின் மேல் மெதுவாக எடை போட்டுக்கொண்டே போனால் எண் சீராக நகர வேண்டும். நடுவில் தாவினாலோ, ஒரே இடத்தில் நின்றாலோ சென்சார் தேய்ந்துவிட்டது. ஸ்கேனர் இல்லாவிட்டால் மல்டிமீட்டர் போதும்: பெரும்பாலான சென்சார்களுக்கு 5 வோல்ட் வரும், எர்த் ஒன்று, சிக்னல் ஒன்று. கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி முனையைச் செருகிப் பாருங்கள். சிக்னல் பொதுவாக அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் நடுவில் ஓடும். சென்சாரை ஓம் வைத்து அளக்காதீர்கள். உள்ளே காந்தத்தை உணரும் ஹால் சிப் இருந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. வயரைக் குத்தித் துளை போட்டு அளப்பது இன்னும் மோசம், அந்தத் துளையிலிருந்தே அடுத்த கோளாறு ஆரம்பிக்கும்.

சென்சாரை மாற்றினாலோ கம்பியின் நீளத்தைத் தொட்டாலோ, ஸ்கேனர் மூலம் பூஜ்ஜிய நிலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வண்டிகள் உண்டு. முந்தைய ஓனர் உயரம் குறைவானவராக இருந்து வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் லிங்க் போட்டிருந்தாலும் இதே குழப்பம் வரும்: வண்டி எப்போதும் ஆள் ஏறிய மாதிரியே கம்ப்யூட்டருக்குத் தெரியும். பின் லிங்க்கைக் கம்பெனி அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூடுதல் ஃபாக் லாம்ப், ஏர் ஹாரன், போன் சார்ஜர் ஏதாவது முந்தைய ஓனர் மாட்டியிருக்கிறாரா? கறுப்பு டேப் சுற்றிய இடம் எல்லாம் சந்தேகத்துக்குரிய இடம். இந்த வண்டிகளில் கம்ப்யூட்டர்கள் கேன் பஸ் என்ற இரண்டு வயரில் பேசிக்கொள்கின்றன. அதில் கை வைத்து லைட்டுக்குக் கரண்ட் எடுத்திருந்தால் எந்தக் கோளாறு எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சாமான்களைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டுவதே ஒரு சோதனை.

இதுவரை ஒன்றும் சிக்கவில்லை என்றால், ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். அவரிடம் இரண்டு சோதனை கேளுங்கள். ஒன்று, ஷாக் பக்கத்துக் கனெக்டரைக் கழற்றி, வால்வின் காயிலை ஓம் வைத்து அளந்துகொண்டே வயரை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்ப்பது. எண் அசையாமல் நின்றால் காயிலும், ஷாக்கிலிருந்து வெளியே வரும் வால் வயரும் நன்று. வளைக்கும்போது எண் தாவினால் வால் வயரில், பெரும்பாலும் ஷாக்குக்குள் நுழையும் இடத்தில், ஒடிசல். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வளைவது அந்த இடம்தான். வண்டியை ஓட்டிச் சூடாக்கியும் ஒரு தடவை அளக்கச் சொல்லுங்கள். செம்பு சூடானால் ஓம் கூடும். 40 டிகிரி ஏறினால் சுமார் 16 சதவீதம் கூடுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முடிவிலி காட்டினால்தான் காயில் போயிருக்கிறது.

இரண்டாவது, பல்ப் சோதனை. மல்டிமீட்டர் ஓம் அளக்கும்போது அனுப்புவது துளிக் கரண்ட். பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் அதற்கு நல்ல வயராகவே தெரியும். அதனால் கம்ப்யூட்டர் பக்கம், ஷாக் பக்கம் இரண்டு கனெக்டரையும் கழற்றிவிட்டு, நடுவில் இருக்கும் வயர் வழியாக 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை எரியவைத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் ஓடும். பல்ப் பளிச்சென்று எரிந்து, வயரின் இரண்டு முனைக்கு நடுவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் விழாமல் இருந்தால் வயர் சுத்தம். மங்கினால் கோளாறு அங்கேதான். கம்ப்யூட்டரைக் கழற்றாமல் இதைச் செய்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், எனவே எலக்ட்ரீஷியனுக்கு இதை வாய்விட்டே சொல்லிவிடுங்கள். அதேபோல் "வால்வு கிளிக் ஆகிறதா பார்க்கலாம்" என்று பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்க யாரையும் விடாதீர்கள். கம்ப்யூட்டர் அந்தக் காயிலுக்குக் கரண்டை விட்டுவிட்டுத்தான் தருகிறது. முழு 12 வோல்ட்டில் வைத்தால் நல்ல காயிலும் வெந்துவிடும்.

வால் வயர் ஒடிந்திருக்கிறது என்று தெரிந்தாலும் ஷாக் மாற்ற வேண்டியதில்லை. ஷாக்கிலிருந்து இரண்டு விரல் நீளமாவது வயர் மிச்சமிருந்தால், நல்ல மல்டிஸ்ட்ராண்ட் வயர் வைத்து ஒட்டி, பசையோடு வரும் ஹீட் ஷ்ரிங்க் போட்டு, வளையும் இடத்துக்குத் தள்ளி ஜாயின்டை வைத்தால் பல வருடம் வரும். "இந்த வயர் தனியாக வராது, ஷாக்கோடுதான் வரும்" என்று சர்வீஸ் சென்டரில் சொல்வது உண்மையாக இருக்கலாம். பார்ட்ஸ் புத்தகத்தில் தனி எண் இல்லாவிட்டால் அவர்களால் விற்க முடியாது. பழுதுபார்க்க முடியாது என்று அதற்குப் பொருளில்லை.

சரி, இப்போது மிதப்பு. இதற்கு மேலே சொன்ன எதுவும் தேவையில்லை, அளக்கும் இஞ்ச் டேப் ஒன்று போதும். முதலில் டயர் காற்று. ஜோடியாகப் போகும்போது பின் டயருக்குக் கூடுதல் காற்று வைக்கச் சொல்லி ஸ்விங் ஆர்மிலோ சீட்டுக்கடியிலோ ஸ்டிக்கர் இருக்கும், அதன்படி வையுங்கள். அப்புறம் ப்ரீலோட். வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு (பல மாடல்களில் என்ஜின் ஓடினால்தான் ப்ரீலோட் மோட்டார் நகரும், ஓட்டும்போது நகராது) மெனுவில் ஒரு ஆள் என்பதிலிருந்து இரண்டு ஆள், லக்கேஜ் என்பதற்கு மாற்றுங்கள். பின்பக்கத்தில் சில விநாடிகள் மோட்டார் முனகும் சத்தம் கேட்க வேண்டும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும், பின் அச்சிலிருந்து நேர் மேலே சீட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வரை அளந்து பாருங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்க வேண்டும். மோட்டார் முனகியும் உயரம் மாறவில்லை என்றால், ப்ரீலோட்டின் ஹைட்ராலிக் பகுதியில் ஆயில் ஒழுகியிருக்கலாம், அல்லது மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். டிஸ்ப்ளேயில் இரண்டு ஹெல்மெட் படம் வந்துவிட்டதாலேயே ப்ரீலோட் ஏறிவிட்டது என்று நம்ப வேண்டாம்.

இதே டேப்பில் இன்னொரு அளவும் எடுக்கலாம். சக்கரம் தொங்கும்போது எவ்வளவு, நீங்கள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று கழித்துப் பாருங்கள். அட்வென்ச்சர் வண்டியில், சக்கரம் மேலும் கீழும் நகரும் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தாழ்வது பொதுவாகச் சரி. 200 மில்லிமீட்டர் பயணமென்றால் 60, 65. மனைவியும் ஏறிய பின் ப்ரீலோட்டை முழுக்க ஏற்றியும் 90-ஐத் தாண்டினால் ஸ்பிரிங் உங்கள் இருவரின் எடைக்கும் பெட்டிகளின் எடைக்கும் மெலிது. ஆயிலும் காரணம் இல்லை, எலக்ட்ரானிக்ஸும் காரணம் இல்லை.

ப்ரீலோட் வேலை செய்கிறது, தாழ்வும் சரி, ஆனாலும் ஆடுகிறது என்றால் ஆயில்தான். இதில் ஒரு அடையாளம் உண்டு: காலையில் கிளம்பும்போது பரவாயில்லை, மோசமான ரோட்டில் அரைமணி ஓட்டியபின் மிதக்கிறது. சூட்டில் நீர்த்துப்போகும் பழைய ஆயில், ஷாக்குக்குள் அழுத்தத்தில் அடைத்து, இப்போது குறைந்துபோன நைட்ரஜன் வாயு, இரண்டுக்கும் இதுதான் குணம். மின்சாரக் கோளாறு இப்படிப் படிப்படியாக வராது, இருக்கும் அல்லது இருக்காது. ஷாக்கின் தண்டில் ஆயில் பசையும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சீட்டை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் இந்த வண்டியில் அவ்வளவாக நம்ப வேண்டாம். நிற்கும்போது வால்வு எந்த நிலையில் இருக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். நல்ல ஷாக்கும் இரண்டு தடவை துள்ளலாம். உங்களைப் போலவே வண்டி வைத்திருக்கும் நண்பருடையதோடு பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால்தான் பயன். நாற்பதாயிரம் ஓடிய ஷாக்கில் ஆயில் களைத்துப்போவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. சாதாரண ஷாக்காக இருந்தால் இதற்குள் ஒரு தடவை ஓவர்ஹால் செய்திருப்பீர்கள். எலக்ட்ரானிக் என்று பெயர் வந்ததும் அதற்கு ஆயில் வயசாகாது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம்.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைப்பதும் நடக்கும். ஹார்லி டேவிட்சன் பான் அமெரிக்காவில் ஒரு வசதி இருக்கிறது, சிக்னலில் நிற்கும்போது கால் எட்டுவதற்காக வண்டி தானே தாழும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் பயந்துபோவார். உங்கள் வண்டியின் மேனுவலில் அப்படி ஏதாவது இருக்கிறதா, ஓட்டும் மோடுக்கு ஏற்ப டேம்பிங் மாறுகிறதா என்று ஒரு தடவை படித்துவிடுங்கள். ரெயின் மோடில் பல வண்டிகள் மெத்தென்று ஆகிவிடும். மழையில் வால்பாறை போய்வந்து மோடை மாற்றாமலேயே விட்டிருந்தால் மிதப்பில் ஒரு பகுதி அங்கேயும் இருக்கலாம்.

அதுவரை ஓட்டலாமா? விளக்கு எரியும்போது கம்ப்யூட்டர் பொதுவாக வால்வைக் கைவிட்டுவிடும், டேம்பிங் ஒரே நிலையில் நிற்கும், ப்ரீலோட் இருந்த இடத்திலேயே இருக்கும். தனியாக, நிதானமாக ஊருக்குள் ஓட்டலாம். ஜோடியாக மலைப்பாதை வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் டேம்பிங் திடீரென்று ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது நல்லதல்ல. சஸ்பென்ஷன் விளக்கோடு ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். இரண்டும் சாய்வைப் படிக்கும் ஒரே சென்சாரைப் பகிர்ந்துகொள்வது உண்டு.

கடைசிக் கேள்வி, சாதாரண ஷாக். போடலாம், போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எலக்ட்ரானிக் ஷாக்கைக் கழற்றி வயரை அப்படியே தொங்கவிட்டால் விளக்கு நிரந்தரமாக எரியும். வால்வு இருப்பது போலக் காட்டும் எலக்ட்ரானிக் மாட்யூல் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் ஷாக்கின் விலையைக் கேளுங்கள். முன் ஃபோர்க் எலக்ட்ரானிக்காகவே இருக்க, பின்னால் மட்டும் சாதாரணமாக்கினால், முன்பக்கம் ரோட்டுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும், பின்பக்கம் மாறாது. இரண்டும் ஒத்துப்போகும் செட்டிங் கிடைக்கத் திருகித் திருகிப் பார்க்க வேண்டியிருக்கும். விற்கும்போதும் விலை குறையும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வரிசை இப்படி இருக்கும்: இந்த வாரம் கனெக்டர், கம்பி, பேட்டரி. விளக்கு நின்றுவிட்டால் அந்தக் கதை முடிந்தது. அதன்பின் மிதப்பு ஆயிலால்தான் என்று டேப்பும் சூடும் சொன்னால், ஷாக்கைக் கழற்றி சஸ்பென்ஷன் வேலை மட்டும் செய்யும் பட்டறைக்கு அனுப்பி, ஆயில், சீல் மாற்றி நைட்ரஜன் ஏற்றித் தர முடியுமா என்று கேட்பேன். கம்பெனியிலேயே பிரிக்க முடியாதபடி மூடி வரும் ஷாக்குகள் சில உண்டு, அவற்றைக் கடைசல் பட்டறையில் வெட்டித்தான் திறக்க வேண்டும். அதனால் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் யாரும் திறக்க வேண்டாம், உள்ளே பல பார் அழுத்தத்தில் வாயு இருக்கிறது. எலக்ட்ரானிக் வால்வு உள்ள ஷாக்கை ஏற்கெனவே பிரித்துப் பழக்கமுள்ள இடமாக இருக்கட்டும், கழற்றும்போது வால் வயரைத் திருகிவிட்டால் மறுபடியும் அதே விளக்கு வரும். புது ஷாக் என்பது காயில் உண்மையாகவே அறுந்து, பிரிக்கவும் வழியில்லை என்று தெரிந்த பிறகுதான். அப்போதும் சர்வீஸ் சென்டரிடம் கோட் எண், காயிலின் ஓம் அளவு, வயர் சோதனையின் முடிவு மூன்றையும் எஸ்டிமேட் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் வாங்கலாம்.